தம்புரா இருந்த பக்கம்

சாந்தோம்
16 ஜனவரி 2025

மாமா,

என் வீட்டிலிருந்து உங்கள் வீட்டுக்கு நடந்தால் இருபது நிமிடம். அதற்குத் தபால்தலை ஒட்டி அனுப்புகிறேன் என்றால் தபால்காரரே சிரிப்பார். ஆனால் நீங்கள் வேறு வழி வைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமையிலிருந்து எத்தனை முறை கூப்பிட்டேன் என்று உங்கள் போனே சொல்லும். வாட்ஸப் குழுவை விட்டும் வெளியேறிவிட்டீர்கள். ஆரம்பித்தவரே போய்விட்டால் மீதிப் பத்துப் பேரும் யார் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது? பொங்கலன்று கரும்போடு வந்தேன். உள்ளே விளக்கு எரிந்தது. நான்கு முறை மணியடித்துவிட்டு, கரும்பைக் கதவில் சாய்த்து வைத்துவிட்டு இறங்கிவிட்டேன்.

வீட்டில் தேசம்மாதான் எழுதச் சொன்னாள். "நேர்ல போனா கதவத் தெறக்க மாட்டேன்றாரு. எழுதிப் போடு. வாத்தியாரு மன்சன், பேப்பரு கைக்கு வந்தா படிக்காம இருக்க மாட்டாரு" என்றாள். மீன் விற்கிறவளுக்கு உங்களைப் பற்றி எவ்வளவு தெரிந்திருக்கிறது பாருங்கள்.

அன்றைக்கு நடந்ததை என் பக்கத்திலிருந்து ஒரு தடவை எழுதிவிடுகிறேன். மாதத்தின் இரண்டாவது ஞாயிறு, வழக்கம் போல உங்கள் வீட்டுக் கூடம். சாப்பாட்டு மேசையில் ஆளுக்கொரு ஹெட்போனாகப் பதினொன்று. யாருடையது, எந்தக் கம்பெனி என்று தெரியாமல் இருக்கக் கண்ணைக் கட்டிக்கொண்டு கேட்க வேண்டும். எல்லாரும் கேட்பது ஒன்றையேதான்: ஜானு மாமி பாடிய பதிவிலிருந்து இரண்டு நிமிடம். கேட்டதைத் துண்டுச் சீட்டில் பெயர் போடாமல் எழுதிக் கொடுக்க, நீங்கள் உரக்கப் படிப்பீர்கள். 'காதுக்கார சங்கம்' என்று மாமி நமக்கு வைத்த பெயருக்கு இத்தனை வருஷமாக இதுதான் சட்டம்.

நான் கேபிள் மாற்றிய ஒரு ஹெட்போனை முதலில் உங்களுக்கு மாட்டினேன். நீங்கள் சீட்டுக்குக்கூடக் காத்திருக்கவில்லை. "ஆஹா, தம்புரா என்ன நன்னா படர்ந்திருக்கு! இடது பக்கம் முழுக்க ரொப்பிண்டு நிக்கறது பாருங்கோ" என்றீர்கள். அடுத்தது ஆஷா. அடையாற்றிலிருந்து வருகிற பெண், போன அக்டோபரில்தான் சேர்ந்தது, அதற்கு என்ன தெரியும்? மாட்டின கையோடு கழற்றி, "அண்ணா, லெஃப்ட் சைடு சவுண்டே வரலையே" என்றது. யாரோ சிரித்தார்கள். நீங்கள் கண்கட்டை அவிழ்த்து மடித்து மேசைமேல் வைத்துவிட்டு உள்ளே போனீர்கள். அரைமணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு நாங்கள் கலைந்தோம்.

வயரைப் பற்றவைத்த சால்டர் விட்டுப்போயிருக்கிறது, மாமா. கேபிளைச் சுற்றி வைக்கும்போது இழுபட்டிருக்கும். என் தப்புதான். ஒரு வரி எழுதுங்கள், இல்லை போனையாவது எடுங்கள்.

ஆரோக்கியராஜ்


மயிலாப்பூர்
25 ஜனவரி 2025

ஆரோக்கியம்,

கடிதம் வந்தது. கரும்பை எதிர்வீட்டுக் குழந்தைகளுக்குக் கொடுத்துவிட்டேன்.

சால்டர் விட்டுப்போனது என்று எழுதியிருக்கிறாய். சிந்தாதிரிப்பேட்டையில் உன் கடையைத் தேடிப்பிடித்து என் முதல் ஹெட்போனைக் கொண்டுவந்து கொடுத்தது இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால். அன்று முதல் இன்றுவரை நீ வைத்த சால்டர் ஒன்றாவது விட்டதுண்டா? நம் சங்கத்து நூர் முஹம்மதுவின் ஹெட்போன்மேல் ஸ்கூட்டரே ஏறியது. காதுக் கோப்பை நொறுங்கியது, வளையம் வளைந்தது, உன் சால்டர் மட்டும் அப்படியே இருந்தது. நீதான் அதைச் சபையில் தூக்கிக் காட்டினாய். அப்படிப்பட்ட கை இந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் முதலில் கேட்கிற ஹெட்போனில், அதுவும் இடது பக்கம் மட்டும் விட்டுவிட்டதாக்கும். கணக்கு வாத்தியாரிடம் இதைச் சொல்கிறாய்.

நீ தெரிந்துகொள்ள ஆசைப்பட்டதை நானே சொல்லிவிடுகிறேன். போன வருஷம் பிப்ரவரியில் ஒரு நாள் காலை பல் தேய்க்கும்போது இடது காதில் குக்கர் விசில் மாதிரி ஒரு சத்தம் ஆரம்பித்தது. மூன்றாம் நாள் விசில் நின்றது. அதோடு அந்தப் பக்கமும் நின்றது. அடையாற்றில் ஒரு காது டாக்டரிடம் போனேன். உடம்பே தன் காதைப் பகையாக நினைத்துக்கொள்கிற நோயாம். மாத்திரை கொடுத்தார், முகம் உப்பியதே தவிரக் காது திரும்பவில்லை. முகம் பளபளப்பாக இருக்கிறது மாமா என்று நீகூடச் சொன்னாய்.

உன்னிடம் சொல்லலாம் என்று இரண்டு முறை கடைக்குக் கிளம்பி வந்தேன். ஒரு தடவை நீ யாருடைய மைக்கையோ பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தாய். இன்னொரு தடவை கூவம் பாலத்திலேயே திரும்பிவிட்டேன். காது போனவன் வீட்டில் காதுக்கார சங்கம் எதற்கு என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்று பயம். ஜானு போன பிறகு இந்தக் கூடத்தில் பேச்சுச் சத்தம் கேட்பது மாதத்தில் அந்த ஒரு நாள்தான். பத்துப் பேர் வரிசையாக உட்கார்ந்து அவள் பாடுவதைக் கேட்கிறீர்கள். மேடை ஏறாதவள். குழந்தைகளுக்குச் சொல்லிக் கொடுத்தே காலத்தைத் தள்ளிவிட்டாள். அவள் தனியாகப் பாடியது என்று உலகத்தில் இருப்பது நீ பதிவு செய்த அந்தப் பதினோரு நிமிடம் ஒன்றுதான். அதை இழக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

நீ தம்புராவுக்கு ஒரு மைக், அவள் குரலுக்கு ஒரு மைக் என்று வைத்தாய். தம்புரா இடது பக்கம், குரல் வலது பக்கம். இப்போது எனக்கு வலது பக்கம் மட்டும்தான். சுருதி இல்லாமல் அந்தரத்தில் பாடுகிறாள். போனில் மோனோ என்று ஒரு ஏற்பாடு இருக்கிறதே, இரண்டு பக்கத்தையும் ஒரே காதில் கொட்டுவது, அதையும் செய்து பார்த்தேன். கஞ்சியில் ஊறுகாயைக் கரைத்தது போல இருந்தது.

ஆகவே தம்புரா படர்ந்திருக்கிறது என்று நான் சொன்னது பொய். ஒரு வருஷமாக ஞாபகத்திலிருந்து எடுத்துச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். உனக்குச் சந்தேகம் என்றால் மாடிப்படியில் நிறுத்தித் தனியாகக் கேட்டிருக்கலாம், ஆரோக்கியம். ஜானுவின் பாட்டை வைத்து, ஜானுவின் பட்டுத்துணியால் கண்ணைக் கட்டி, அத்தனை பேர் நடுவில் செய்ய வேண்டியதில்லை.

இனி என் வீட்டில் கூட்டம் இல்லை. நீயும் வர வேண்டாம்.

ஜெயராமன்


சாந்தோம்
3 பிப்ரவரி 2025

மாமா,

வேண்டுமென்றுதான் செய்தேன். சால்டர் விடவில்லை. பன்னிரண்டாம் தேதிக்கு முதல் நாள் கடையில் உட்கார்ந்து, இடது பக்க வயரைக் கட்டரால் நறுக்கி, வெளியே தெரியாமல் உறையை மேலே இழுத்து மூடினேன். உங்களை முதலில் உட்கார வைத்ததும் நான்தான்.

ஏன் என்று கேட்பீர்கள். போன ஜூலை கூட்டம் ஞாபகம் இருக்கிறதா? மரக்கோப்பை வைத்த ஒரு ஹெட்போன் மேசையில் இருந்தது. யாருடையது என்று யாருக்கும் தெரியாது. அது என்னுடையது. ஒன்றரை வருஷம், கடை மூடிய பிறகும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் உட்கார்ந்து நானே கட்டியது. எத்தனை நாளைக்குத்தான் அடுத்தவன் செய்ததைப் பிரித்துப் பிரித்து ஒட்டிக் கொடுப்பது? என் பெயரிலேயே செய்து பார்க்கலாம் என்று ஆசை. உங்கள் சீட்டில் நன்றாக இருக்கிறது என்று வந்தால் எல்லாரிடமும் சொல்லலாம் என்று வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நீங்களே எழுதி நீங்களே படித்தீர்கள்: "போர்வைக்குள் தலையை விட்டுக் கேட்பது போல இருக்கிறது. இதைக் கட்டியவர் வேறு வேலை பார்க்கலாம்." எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்குப் போய் அதைப் பரண்மேல் போட்டேன்.

நவம்பரில் மாமி திவசத்துக்குப் பூ வாங்க ஆட்டோவில் போனோமே, ஏறி உட்கார்ந்த பிறகு இறங்கி அந்தப் பக்கமாக மாறி உட்கார்ந்தீர்கள். நான் உங்களுக்கு வலது பக்கம் வருகிற மாதிரி. அப்புறம் பார்த்தால் போனும் எப்போதும் வலது காதில்தான். ஒருநாள் லஸ் முனையில் இடது பக்கமாக நின்றுகொண்டு, "மாமா, உங்க செருப்பு அறுந்து கீது" என்றேன். நீங்கள் பாட்டுக்கு நடந்தீர்கள். செருப்பு அறுந்திருக்கவில்லை.

அன்றைக்கு எனக்கு வருத்தம் வந்திருக்க வேண்டும். வரவில்லை, மாமா. சந்தோஷம்தான் வந்தது. போர்வைக்குள் இருந்தது என் ஹெட்போன் இல்லை, இவர் காதுதான் என்று. இரண்டு மாதம் அந்தச் சந்தோஷத்தோடு சுற்றிக்கொண்டிருந்தேன். எல்லார் எதிரிலும் நீங்கள் என்னைச் சொன்னீர்கள், எல்லார் எதிரிலும் நான் உங்களைக் காட்டிவிட வேண்டும் என்று இருந்தது. ஆஷா கழற்றிச் சொன்ன அந்த நிமிஷம் வரைக்கும்தான் அது இருந்தது. நீங்கள் அந்தத் துணியை நான்காக மடித்தீர்களே, அதைப் பார்த்ததும் எனக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது.

உங்கள் கடிதத்தைத் தேசம்மாவுக்குப் படித்துக் காட்டி, செய்ததையும் சொன்னேன். "தூ, நீ இன்னா மன்சன்யா" என்றாள். இரண்டு நாளாகச் சாப்பாடு மேசையில் இருக்கிறது, பேச்சு இல்லை.

மன்னியுங்கள் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன்.

ஆரோக்கியராஜ்


சிந்தாதிரிப்பேட்டை
9 மார்ச் 2025
(பெட்டிக்குள் வைத்தது)

மாமா,

ஒரு மாதமாகப் பதில் இல்லை. பரவாயில்லை. இதற்கும் பதில் வேண்டாம். பெட்டியில் இருப்பதைக் கேட்டால் போதும்.

மோனோ கஞ்சி என்று எழுதியிருந்தீர்கள் அல்லவா, அதைப் படித்ததிலிருந்து அதே யோசனைதான். குரலும் தம்புராவும் ஒரே துளையிலிருந்து வந்தால் கரையத்தான் செய்யும். அதனால் வலது கோப்பைக்குள் இரண்டு குட்டி ஸ்பீக்கர் வைத்திருக்கிறேன். காதுக்கு முன்னால் ஒன்று, அதில் மாமி குரல் மட்டும். காது மடலுக்குப் பின்னால் ஒன்று, அதில் தம்புரா மட்டும். ஒரே காதுதான், ஆனால் முன்னால் குரல், பின்னால் சுருதி. மாமி தம்புராவைத் தோளில் சாய்த்துக்கொண்டு பாடுவார் அல்லவா, கிட்டத்தட்ட அந்த இடம். இடது கோப்பை காலி. தலை ஒரு பக்கம் சாயாமல் இருக்க உள்ளே கொஞ்சம் ஈயம் வைத்து மூடியிருக்கிறேன்.

எனக்கு இரண்டு காதும் இருப்பதால் சரியாக வந்திருக்கிறதா என்று தெரியவில்லை. அதனால் இடது காதில் மெழுகும் பஞ்சும் அடைத்துக்கொண்டு மூன்று வாரம் திரிந்தேன். சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்றே தெரியவில்லை, மாமா. தேசம்மா சமையலறையிலிருந்து கூப்பிட்டால் நான் வாசலைப் பார்க்கிறேன். லஸ்ஸில் பஸ் ஒன்று இடித்திருக்கும், கண்டக்டர் தலையை வெளியே நீட்டி, "இன்னா நைனா, காது செவுடா?" என்று கத்தினார். நீங்கள் ஒரு வருஷம் இப்படியே தனியாக நடமாடியிருக்கிறீர்கள் என்று அங்கேயே ஓரமாக நின்று அழுதேன்.

ஐந்து தடவை பிரித்துக் கட்டினேன். ஆறாவது தடவை, பஞ்சு அடைத்த காதோடு கேட்டபோது தம்புரா பின்னால் வந்து நின்றது. மாமி அந்தரத்தில் இல்லை.

சீக்கிரம் கேளுங்கள்.

ஆரோக்கியராஜ்


மயிலாப்பூர்
17 மார்ச் 2025

ஆரோக்கியம்,

நீ அனுப்பிய பெட்டி வந்தது. பிரிக்கவில்லை. அப்படியே திருப்பி அனுப்புகிறேன்.

உள்ளே என்ன இருக்கிறது என்று எடையைப் பார்த்தாலே தெரிகிறது. ஜூலையில் மேசைமேல் வைத்த அந்த ஜோடி. நீ கேட்காமலேயே எழுதித் தருகிறேன்: அன்று நான் எழுதிய சீட்டு தவறு. இடது காது போய்விட்டது எனக்குத் தெரியும். தெரிந்தும் தீர்ப்புச் சொன்னேன். அதிலும் 'வேறு வேலை பார்க்கலாம்' என்று எழுதியது வாத்தியார் திமிர். உன்னுடையது என்று தெரிந்திருந்தால் எழுதியிருக்க மாட்டேன் என்பதும் சமாதானம் ஆகாது. மற்றவர்கள் சீட்டெல்லாம் நல்லபடியாகத்தான் இருந்தன. அவர்களுக்கு நன்றாகக் கேட்டது. நீ தாராளமாக உன் பெயரில் செய்யலாம்.

இவ்வளவு போதும் அல்லவா? இதற்காக அந்த ஹெட்போனை அனுப்பி, மறுபடி கேள், மறுபடி சொல் என்று எனக்குப் பரீட்சை வைக்காதே. ஒரு பரீட்சைக்கே நான் தாங்கவில்லை.

கல்லூரிக்கு இந்த மாதம் முதல் லீவு போட்டிருக்கிறேன். வேறு கவலைகள் இருக்கின்றன. இத்தோடு விடு.

ஜெயராமன்


சாந்தோம்
12 ஏப்ரல் 2025

மாமா,

இந்தக் கடிதத்தைப் பெட்டியின் மேலேயே ஒட்டியிருக்கிறேன். போன முறை உள்ளே வைத்தது என் மடத்தனம்.

இது அந்தப் பழைய ஜோடி இல்லை. அது பரணில்தான் இருக்கிறது. இது உங்களுக்கு என்று செய்தது, ஒரு காதுக்கு. உள்ளே இருக்கும் கடிதத்தைப் படித்தால் தெரியும். எனக்கு ஒரு தீர்ப்பும் வேண்டாம்.

பெட்டி திரும்பி வந்ததும் உடனே உங்கள் வீட்டு வாசலுக்கு ஓடிவந்திருக்க வேண்டும். வரவில்லை. பிரித்துக்கூடப் பார்க்கவில்லையே என்று கோபம். மூன்று வாரம் கடையில் பலகைக்கு அடியில் தள்ளி வைத்துவிட்டேன். நேற்று தேசம்மா சாப்பாடு கொண்டுவந்தவள் அதைப் பார்த்துவிட்டாள். "ரெண்டு பேரும் நல்லா ரோசம் காட்டிக்கினு கீறீங்கோ. குடு இங்க, நானே கொண்டும் போய் குடுக்கறேன். தெறக்கலைன்னா அங்கியே குந்திக்கினு கீறேன்" என்று சொல்லிவிட்டாள். நாளைக்குக் குருத்தோலை ஞாயிறு, பூசை முடிந்து நேராக வருகிறாள். அவள் சொன்னால் செய்கிறவள்.

திறவுங்கள், மாமா.

ஆரோக்கியராஜ்


மயிலாப்பூர்
15 ஏப்ரல் 2025

ஆரோக்கியம்,

ஞாயிற்றுக்கிழமை பத்தரை மணிக்குக் குப்பை வாளியை வைக்கக் கதவைத் திறந்தேன். உன் மனைவி மேல்படியில் உட்கார்ந்திருந்தாள். மடியில் பெட்டி, கையில் குருத்தோலை. எவ்வளவு நேரமாக மணியடித்தாளோ தெரியாது. நான் கோபத்தில் உள்ளே இருந்தேன் என்று நினைத்திருப்பாள். அவள் வாய் அசைந்தது. கோபமாகத்தான் ஆரம்பித்தாள். நான் வலது காதைத் தொட்டுக் காட்டிக் கையை விரித்தேன். இடது காதைத் தொட்டும் விரித்தேன். பெட்டியை அணைத்துக்கொண்டு எழுந்தாள்.

வலது காது மார்ச் மூன்றாம் தேதி கெட ஆரம்பித்தது. அதே விசில். மாத்திரையைக் கூட்டினார்கள், காதுக்குள் ஊசி போட்டார்கள். மார்ச் இருபத்தெட்டாம் தேதி காலை எழுந்தபோது முழுக்க நின்றிருந்தது. அறுவைச் சிகிச்சை செய்து கருவி பொருத்தலாம் என்கிறார் டாக்டர். பேச்சு ஓரளவுக்குப் புரியுமாம், பாட்டு பாட்டாக இருக்காதாம். செய்துகொள்ளத்தான் போகிறேன், கடைக்காரனிடம் பேச வேண்டுமே.

தேதிகளைச் சேர்த்துப் பார்த்தாயா? உன் பெட்டி முதல் முறை வந்தபோது எனக்கு வலது காதில் பாதிக்கு மேல் இருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு தபாலாபீசுக்குப் போய் வரிசையில் நின்று திருப்பி அனுப்பினேன். எனக்குப் பின்னால் நின்ற அம்மாள் மகளிடம் போனில் வத்தக்குழம்புக்குப் பக்குவம் சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கு ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது. அந்தக் காதால் நான் ஜானுவைச் சுருதியோடு கேட்டிருக்கலாம். நீ மூன்று வாரம் பலகைக்கு அடியில் வைத்ததை நினைத்து அழாதே, முதலில் திருப்பியவன் நான்.

தேசம்மாவை உள்ளே வந்து உட்காரச் சொன்னேன். ஒன்பதாம் தேதிக் கடிதத்தைப் படித்தேன். பிறகு ஹெட்போனை மாட்டிக்கொண்டு பதிவைப் போட்டேன். பிளேயரில் விநாடி ஓடியது. ஒன்றும் இல்லை. ஒலியை ஏற்றிக்கொண்டே போனேன். முழுக்க ஏற்றியதும் காது மடலில் அதிர்ந்தது. முன்னால் ஒரு இடத்தில், பின்னால் ஒரு இடத்தில். பின்னால் இருப்பது விடாமல் அதிர்ந்தது. முன்னால் இருப்பது விட்டு விட்டு வந்தது. இது தம்புரா, இது ஜானு என்று விரல் வைத்துக் காட்ட முடிந்தது. அவ்வளவுதான் முடிந்தது. நீ சரியாகத்தான் செய்திருக்கிறாய், ஆரோக்கியம்.

அறை முழுக்கக் கேட்டிருக்கும் போல. நிமிர்ந்து பார்த்தால் தேசம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அப்புறம் நிறைய நேரம் பேசினாள். ஒன்றும் புரியவில்லை, தலையாட்டினேன். புரியவில்லை என்று அவளுக்கும் தெரியும், ஆனாலும் நிறுத்தவில்லை. போகும்போது குருத்தோலையை மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள்.

அன்று இரண்டாவது ஞாயிறு என்பது அவள் போன பிறகுதான் ஞாபகம் வந்தது.

ஒன்று கேட்கிறேன். ஒரு வருஷம் தம்புராவை ஞாபகத்திலிருந்து சொன்னவன், மீதியையும் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். முடியவில்லை. அவள் எந்த இடத்தில் மூச்சு வாங்குவாள் என்பது இப்போதே குழம்புகிறது. நீ அந்தப் பதிவைக் கேட்டு எழுதி அனுப்பு. இத்தனை வருஷச் சீட்டுகளில் 'நல்லா கீது' என்று மட்டும் எழுதுகிறவன் யார் என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும். பெயர் போடாமலேயே தெரியும். இந்த முறை அது போதாது.

ஹெட்போனைத் திருப்பி அனுப்புகிறேன். அதை மாட்டிக்கொண்டு கேள்.

ஜெயராமன்


சிந்தாதிரிப்பேட்டை
5 மே 2025

மாமா,

மூன்று வாரம் ஆகிவிட்டது. ரோசம் இல்லை. எழுத வரவில்லை, அதுதான். கிழித்துப் போட்ட காகிதத்தைத் தேசம்மா மீன் மடிக்க எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அன்று அவள் வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னபோது நான் கடையில் போய் உட்கார்ந்துகொண்டேன். பெட்டி பலகைக்கு அடியில் கிடந்த அந்த மூன்று வாரத்தைப் பற்றி அழாதே என்று நீங்கள் எழுதிவிட்டீர்கள், அதனால் அதைப் பற்றி இங்கே ஒன்றும் எழுதவில்லை.

உங்களிடம் இருப்பது நான் வெட்டிக் கொடுத்த பதிவு. வெட்டாத முழுப் பதிவு கடையில் பழைய டிஸ்க்கில் இருந்தது. அதை எடுத்தேன். ஷட்டரை இறக்கி, மின்விசிறியை நிறுத்தி, நீங்கள் சொன்னபடி அந்த ஒற்றைக் காது ஹெட்போனையே மாட்டிக்கொண்டு கேட்டேன். இது என் சீட்டு.

முதலில் கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லை என்றால் உங்கள் கூடம். ஃபிரிட்ஜையும் விசிறியையும் நிறுத்தச் சொல்லியிருந்தேன், ஆகஸ்ட் மாதம், மாமி முந்தானையால் விசிறிக்கொள்கிற சத்தம் துணிச் சத்தமாகக் கேட்கிறது. வளையல் இரண்டு தடவை. பிறகு தம்புரா, பின்னாலிருந்து. நாலு தந்தியில் கடைசித் தந்தி கொஞ்சம் கனமாக, அடுத்த சுற்று ஆரம்பித்த பிறகும் அது அடங்காமல் இருக்கிறது. அதன்மேல் மாமி உடனே பாடுவதில்லை. ஆறு சுற்று சும்மா மீட்டுகிறார். நான் எண்ணினேன். ஏழாவதில் மூச்சை இழுக்கிறார், மூக்கால். குரல் முன்னால் வருகிறது.

ராகம் பெயர் உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. ஆரம்பத்தில் குரல் கரகரப்பாக இருக்கிறது, தூங்கி எழுந்தவர் மாதிரி. ஒரு நிமிடம் போனதும் தெளிகிறது. மேலே போகும்போதெல்லாம் ஒரு விநாடி நின்றுவிட்டுத்தான் போகிறார், படி ஏறுமுன் புடவையைத் தூக்கிப் பிடிப்பது போல. இரண்டே முக்கால் நிமிடத்தில் தெருவில் கீரைக்காரம்மா. அதை மாமி கேட்டிருக்கிறார், சுரத்தை விடாமல் அப்படியே பிடித்துக்கொண்டு அந்த அம்மா கடக்கட்டும் என்று காத்திருக்கிறார். கடந்ததும் இறங்குகிறார்.

நான்கரையில் இருமல். அது நீங்கள். நான் "ஷ்" என்கிறேன். மாமி பாடிக்கொண்டே சிரிப்பை அடக்குகிறார், குரல் ஒரு துளி அசைகிறது. அதை எப்போதும் கமகம் என்று நீங்கள் சபையில் சொல்வீர்கள். அது கமகம் இல்லை மாமா, சிரிப்பு.

ஏழாவது நிமிடத்தில் ஒரு இடத்தில் வழுக்குகிறது. "ராமா" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுத் திரும்பப் பிடிக்கிறார். மூச்சு எங்கே என்று கேட்டீர்கள். சின்னச் சின்னதாக நிறைய இருக்கிறது, எல்லாவற்றையும் நிமிடம் விநாடி போட்டுத் தனித்தாளில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். ஒன்பது நிமிடத்துக்கு மேல் நீளமாகப் பிடிக்கிற அந்த ஒரு இடத்துக்கு முன்னால் மட்டும் மூச்சே எடுப்பதில்லை. முந்தைய மூச்சிலேயே போய்விடுகிறார். எப்படி என்று தெரியவில்லை. அங்கே எனக்கு மூச்சு முட்டியது.

பதினோரு நிமிடத்தில் உங்கள் பதிவு முடிந்துவிடும். என்னுடையது இன்னும் ஓடுகிறது. குரல் நின்ற பிறகும் தம்புரா போகிறது. முட்டி மாற்றி உட்காருகிறார், தம்புராக் குடம் தரையில் இடிக்கிறது. பிறகு தணிந்த குரலில் என்னைக் கேட்கிறார்: "ஆரோக்கியம், எப்படி வந்திருக்கு? அவர்கிட்ட கேட்டுப் பிரயோஜனம் இல்லே. நான் தும்மினாலும் நன்னா இருக்கும்பார். நீ சொல்லு."

அதற்கு நான், "நல்லா கீது மாமி."

மாமி சிரிக்கிறார். "போ, இதுக்கு அவரே தேவலை" என்கிறார். தம்புரா நிற்கிறது. சமையலறையிலிருந்து நீங்கள், "ஜானு, விசிறியைப் போட்டுக்கலாமோன்னோ? ஆரோக்கியத்துக்குச் சர்க்கரை எத்தனை ஸ்பூன்?" என்கிறீர்கள்.

அந்தத் தொண்ணூறு விநாடியை நான்தான் வெட்டினேன். கேட்டவருக்கு ஒரு வார்த்தை உருப்படியாகச் சொல்லத் தெரியவில்லையே என்று கேவலமாக இருந்தது. வெட்டாமல் கொடுத்திருந்தால் எட்டு வருஷம் அந்தச் சிரிப்பை நீங்கள் இரண்டு காதாலும் கேட்டிருப்பீர்கள். அதற்கும் சேர்த்து மன்னியுங்கள்.

வருகிற பதினொன்றாம் தேதி இரண்டாவது ஞாயிறு. நூர் முஹம்மதுவிடமும் ஆஷாவிடமும் பேசினேன், மற்றவர்களுக்கும் சொல்லியாயிற்று. அந்தப் பெண் ஜனவரியிலிருந்து உங்களிடம் என்ன சொல்வது என்று தெரியாமல் தவித்துக்கொண்டிருக்கிறது. முழுப் பதிவையும் கொண்டுவருகிறோம். நாங்கள் கேட்டு எழுதுகிறோம். யாரும் ஒரு வரியில் முடிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன். சீட்டு படிக்கிற வேலை எப்போதும் போல உங்களுடையது.

காலை பத்து மணிக்கு வருவோம். மணியடிக்க மாட்டோம். கதவைத் திறந்து வையுங்கள்.

ஆரோக்கியராஜ்